ஷாண்டோர் வேக் ஒலிப்பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹங்கேரிய வயலின் கலைஞரும் பிற்காலத்தில் இசைக்குழு நடத்துநருமான ஷாண்டோர் வேக் பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. எதில் தொடங்குவது, எந்தப் பதிப்பு நல்லது, சுருதி ஏன் அங்கங்கே நழுவுகிறது, வயலினை விட்டு ஏன் நடத்துநரானார். தெரிந்தவரை இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

யார் இவர்?

1912இல் கொலொஷ்வார் நகரில் பிறந்தார். அன்று அந்த ஊர் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் டிரான்சில்வேனியாவில் இருந்தது. இன்று ருமேனியாவில் க்ளூஜ்-நபோக்கா என்று பெயர். சிறு வயதிலேயே புடாபெஸ்ட் லிஸ்ட் அகாடமியில் சேர்ந்து யெனோ ஹுபாயிடம் வயலினும் சோல்தான் கோடாயிடம் இசையமைப்பும் படித்தார். ஹுபாய் அந்தக் காலத்து ஹங்கேரிய வயலின் மரபின் பெரிய ஆசான். யோசஃப் சிகெட்டி, யூஜின் ஆர்மண்டி எல்லாம் அவர் கையில் வளர்ந்தவர்கள்தான். கோடாய், இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான பார்டோக்குடன் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல் சேகரித்தவர். இந்த இரண்டு பேரிடமும் ஒருவர் ஒரே நேரத்தில் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேக் நல்ல உதாரணம்: ஒரு பக்கம் வில் கையின் நளினம், இன்னொரு பக்கம் பாட்டின் பேச்சு.

அப்புறம் குவார்டெட் (இரண்டு வயலின், வயோலா, செல்லோ கொண்ட நால்வர் குழு; அதற்கு எழுதும் இசைக்கும் அதே பெயர்), ஆசிரியப் பணி, கடைசியில் சால்ஸ்பர்க்கில் நடத்துநர். 1997இல் காலமானார்.

ஒன்றே ஒன்று கேட்க நேரம் இருக்கிறது. எதைக் கேட்கட்டும்?

மொசார்ட்டின் டி மேஜர் டைவர்டிமென்டோ (இலகுவான பொழுதுபோக்கு இசை), கே. 136 (மொசார்ட் படைப்புகளின் பட்டியல் எண்). வேக் நடத்திய சால்ஸ்பர்க் கமெராட்டா வாசித்தது, காப்ரிச்சோ நிறுவனம் வெளியிட்டது. மூன்று பகுதிகள்தான், அதிக நேரம் பிடிக்காது.

மொசார்ட் இதை 1772இல், பதினாறு வயதில் எழுதினார். தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். தொடக்கத்தில் முதல் வயலின்கள் மேலே பாட, கீழே செல்லோவும் டபுள் பாஸும் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு போகும். பெரும்பாலான பதிவுகளில் அந்தக் கீழ்க்குரல் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மாதிரி பின்னால் கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். வேக்கின் பதிவில் அந்தக் கீழ்க்குரலை மட்டும் ஒரு முறை பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு ஸ்வரம் போல அடுத்த ஸ்வரம் இல்லை. மேலே பாட்டு எங்கே சாய்கிறதோ, கீழே அங்கே எடை கூடுகிறது. பாட்டு மூச்சு விடும் இடத்தில் கீழே இருப்பவர்களும் இலேசாகிறார்கள். துணைக்குரல் வாசிப்பவர்களுக்கும் பாட்டு முழுவதும் மனப்பாடம் என்று தோன்றும். வேக்கின் மற்றப் பதிவுகளிலும் நான் தேடிப் போவது இதைத்தான். இது காதில் விழுந்துவிட்டால் மீதிப் பதிவுகளுக்கு வழிகாட்டியே தேவையில்லை.

வேக் குவார்டெட், ஹங்கேரியன் குவார்டெட், புடாபெஸ்ட் குவார்டெட்: எல்லாம் ஒன்றா?

இல்லை. மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டுக்கும் மட்டும் வேக் மூலமாக உறவு உண்டு.

ஹங்கேரியன் குவார்டெட் 1935இல் உருவானபோது அதன் முதல் வயலின் வேக்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் சோல்தான் சேக்கெய் முதல் வயலினாக வந்து சேர, வேக் இரண்டாம் வயலினுக்கு மாறிக்கொண்டார். 1940இல் அங்கிருந்து விலகித் தன் பெயரிலேயே வேக் குவார்டெட்டைத் தொடங்கினார். இரண்டாம் வயலின் ஷாண்டோர் சோல்டி, வயோலா ஜார்ஜ் யான்சர், செல்லோ பால் சபோ. 1946இல் ஜெனீவா போட்டியில் பரிசு வாங்கிய கையோடு ஹங்கேரியை விட்டு வெளியேறினார்கள். இந்த நால்வரும் ஆள் மாறாமல் 1970களின் பிற்பகுதி வரை சேர்ந்து வாசித்தது சாதாரண விஷயமில்லை. கல்யாணங்கள்கூட அவ்வளவு காலம் தாங்குவதில்லை என்று குவார்டெட் வாசிப்பவர்களே சொல்வார்கள்.

புடாபெஸ்ட் குவார்டெட்டுக்கும் வேக்குக்கும் தொடர்பில்லை. அதன் புகழ்பெற்ற காலத்தில் வாசித்த நால்வரும் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர்கள், பெயர் மட்டும் புடாபெஸ்ட். ஆகவே "ஹங்கேரியக் குவார்டெட் பதிவு" என்று யாராவது பரிந்துரைத்தால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேக்கெய் தலைமையிலான ஹங்கேரியன் குவார்டெட்டின் பீத்தோவனும் பார்டோக்கும் அருமையான பதிவுகள்தான். ஆனால் அதில் வேக்கைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

பீத்தோவன் குவார்டெட்களை இரண்டு முறை முழுசாகப் பதிவு செய்திருக்கிறாரே, எதை வாங்குவது?

முதல் தொகுப்பு 1952இல், பிரான்ஸின் டிஸ்கோஃபில் ஃப்ரான்சே நிறுவனத்துக்காக. மோனோ, அதாவது ஒலி முழுவதும் ஒரே தடத்தில். இரண்டாவது 1972 முதல் 1974 வரை, மிஷேல் பெர்ன்ஸ்டைன் நடத்திய வாலுவா நிறுவனத்துக்காக. ஸ்டீரியோ. இது பின்னாளில் ஆஸ்ட்ரே, நயீவ் என்று லேபிள் மாறி மாறி வந்தது. உறையில் பெயர் மாறியிருந்தாலும் உள்ளே அதே பதிவுதான்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் கை வைப்பது 1970களின் தொகுப்பில். அதற்காக 1952 சளைத்தது என்று சொல்ல மாட்டேன். அப்போது வேக்குக்கு நாற்பது வயது, விரல்கள் இன்னும் கூர்மை, வேகப் பகுதிகளில் துள்ளல் அதிகம். ஓபஸ் (படைப்பு எண்) 18இன் ஆறு குவார்டெட்களையும், ஓபஸ் 59இன் மூன்றையும் அங்கே கேட்டால் இளமை வேகம் தெரியும். ஆனால் பீத்தோவனின் கடைசிக் குவார்டெட்கள் வேறு ரகம். அவற்றுக்கு இருபது ஆண்டுகள் கழித்து அதே நால்வர் திரும்பி வந்தபோது, அவசரம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது.

ஓபஸ் 131இன் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பகுதிகள், இடையில் நிறுத்தமே இல்லை. முதல் வயலின் தனியாக ஃபியூகை (ஒரே பாட்டை ஒவ்வொரு குரலாக எடுத்துக்கொண்டு வரும் வடிவம்) தொடங்குகிறது. நான்காவது ஸ்வரத்தில் ஓர் அழுத்தம் கொடுக்கச் சொல்லி பீத்தோவன் குறித்திருக்கிறார். பலர் அந்த இடத்தில் வில்லால் குத்துவார்கள், கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். வேக் குத்துவதில்லை. முந்தைய மூன்று ஸ்வரங்களிலேயே வில்லின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்து, நான்காவதில் முழு எடையையும் இறக்கிவைக்கிறார். அப்புறம் சோல்டி, யான்சர், சபோ என்று ஒவ்வொருவராக உள்ளே வரும்போது, அந்த எடையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்கிறார்கள். நான்கு பேரும் அதே அழுத்தத்தை நகல் எடுப்பதில்லை, அவரவர் குரலில் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தை இவ்வளவு மனிதத்தன்மையோடு வாசித்தவர்கள் குறைவு.

ஓபஸ் 132இன் மூன்றாம் பகுதியும் அப்படித்தான். 1825இல் கடும் நோயிலிருந்து மீண்ட பீத்தோவன் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதியது. நோயாளி எழுந்து உட்காரும் பலவீனமும், நடுவே "புதிய தெம்பு" வரும் பகுதிகளும் மாறி மாறி வரும். இந்தப் பலவீனத்தை அழகாக மெருகேற்றி வாசித்தால் பொய்யாகிவிடும். வேக் குவார்டெட் மெருகேற்றவில்லை.

சுருதி சுத்தமாக இல்லை என்று பலரும் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. 1970களின் பதிவுகளில் முதல் வயலினின் மேல் ஸ்தாயியில் சில இடங்கள் சரியாக விழவில்லை. கடினமான தாவல்களில் வில் உரசும் சத்தமும் கேட்கும். மைக்கும் கிட்டத்தில் இருக்கிறது. இன்றைய தொகுப்பாளர்கள் நூறு துண்டாக வெட்டி ஒட்டி அதைத் துடைத்திருப்பார்கள்.

ஆனால் "தவறு" என்று காதில் படுகிற எல்லாமே தவறில்லை. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் தன் மாணவர்களுக்கு விடாமல் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. பியானோவின் கட்டைகளைப் போல ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே நிலையான இடம் தந்தி வாத்தியத்துக்குக் கிடையாது, ஸ்வரம் எங்கே போகத் துடிக்கிறதோ அந்தப் பக்கம் அதைச் சற்று நகர்த்திப் பிடிக்க வேண்டும் என்பது. சட்ஜத்துக்கு ஏறப் போகும் நிஷாதத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பது அப்படித்தான். கசால்ஸுடன் பல ஆண்டுகள் பழகிய வேக் வாசிப்பிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. பியானோ சுருதியையே அளவுகோலாக வைத்துக் கேட்கிற காதுக்கு இது தூக்கலாகத் தெரியும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது.

ஆக, சில ஸ்வரங்கள் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டவை, சில உண்மையிலேயே நழுவியவை. முதல் வகைக்காகக் கேளுங்கள், இரண்டாம் வகையை மன்னித்துவிடுங்கள். சுத்தம் மட்டும்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு நல்ல குவார்டெட்கள் நிறைய இருக்கின்றன.

பார்டோக் குவார்டெட்களுக்கு வேக்கை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் இவர் அதைப் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. பார்டோக்கின் ஐந்தாம் குவார்டெட் 1935இல் வாஷிங்டனில் அரங்கேறியது. அதை ஹங்கேரியில் முதலில் வாசித்தது வேக் இருந்த ஹங்கேரியன் குவார்டெட். அதற்காகப் பார்டோக்கே அவர்களுடன் உட்கார்ந்து உழைத்தார்.

பார்டோக்கின் ஆறு குவார்டெட்களையும் வேக் குவார்டெட் இரண்டு முறை பதிவு செய்தது: 1954இல் மோனோவில், 1972இல் ஸ்டீரியோவில். பார்டோக் என்றாலே இடிப்பும் அறைதலும்தான் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு 1972 பதிவு ஆச்சரியமாக இருக்கும். நான்காம் குவார்டெட்டின் நான்காம் பகுதி முழுவதும் வில்லே படாது, விரலால் மீட்டுவதுதான். அதில் தந்தியை இழுத்து விரல் பலகையில் அடித்துத் திரும்பும்படி விடச் சொல்லும் இடங்கள் உண்டு. "பார்டோக் பிட்சிகாட்டோ" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்கள் அங்கே சாட்டையடி போலப் போடுவார்கள். இவர்கள் அதை ஆட்டத்தில் கால் தட்டும் சத்தமாக வைத்துக்கொள்கிறார்கள்.

இதற்குக் காரணம் மொழி என்று நினைக்கிறேன். ஹங்கேரிய மொழியில் எல்லாச் சொல்லுக்கும் அழுத்தம் முதல் அசையில். அதனால் அந்த ஊர்ப் பாட்டுகளும் எடுத்த எடுப்பிலேயே அழுத்தத்தோடு தொடங்கும், முன்னால் ஓர் எடுப்பு ஸ்வரம் வைத்துக்கொண்டு ஏறாது. முதலில் குட்டையான அழுத்தம், பின்னால் நீளம் என்ற தாளக் கட்டு பார்டோக்கில் எங்கு பார்த்தாலும் வரும். அந்த மொழியையே பேசி வளர்ந்த நால்வர் வாசிக்கும்போது அது தாளக் கணக்காக இல்லாமல் பேச்சாக வருகிறது. ஐந்தாம் குவார்டெட்டின் நடுப்பகுதியில் 4, 2, 3 என்று ஒன்பதைப் பிரிக்கும் பல்கேரியத் தாளம் இருக்கிறது. அதைக்கூட எண்ணுகிறார்கள் என்று தோன்றாது.

ஆறாம் குவார்டெட் வேறு மாதிரி. 1939இல், ஐரோப்பாவை விட்டுப் போவதற்கு முந்தைய ஆண்டில் பார்டோக் எழுதியது. தாய் நோயுற்றிருந்த காலம், போரும் தொடங்கிய காலம். வயோலா தனியாக ஒரு துயரமான பாட்டோடு தொடங்கும். பின்பு ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அந்தப் பாட்டே இன்னும் அடர்த்தியாகத் திரும்பி வரும். அந்த முதல் தனி வயோலாவுக்காக ஜார்ஜ் யான்சரைக் கேளுங்கள். வயலின் கலைஞர் ஆர்தர் க்ரூமியோ தன் மூவர் குழுவுக்கும் இவரைத்தான் அழைத்துக்கொண்டார். காரணம் கேட்டாலே தெரியும்.

கசால்ஸுடன் வாசித்த பதிவுகள் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன, இரண்டை விடாதீர்கள்.

ஒன்று, பான் நகரில் பீத்தோவன் பிறந்த வீட்டில் 1958இல் நடந்த கச்சேரிகளின் பதிவு. ஃபிலிப்ஸ் வெளியீடு. பீத்தோவனின் "ஆர்ச்டியூக்" ட்ரியோவில் (மூவர் வாசிப்பது) கசால்ஸ், வேக், பியானோவில் மியெச்சிஸ்வாவ் ஹோர்ஷோவ்ஸ்கி. "கோஸ்ட்" ட்ரியோவில் பியானோவுக்குக் கார்ல் எங்கெல். கசால்ஸுக்கு அப்போது 81 வயது. வாசித்துக்கொண்டே அவர் முனகுவது பதிவில் கேட்கும். சிலருக்கு அது தொந்தரவு. எனக்கு இல்லை.

இன்னொன்று, ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட் (ஐவர் வாசிப்பது). ஷூபர்ட் இறந்த 1828இல் எழுதியது, இரண்டு செல்லோ வேண்டும். பிரான்ஸின் ப்ராட் ஊரில் கசால்ஸ் நடத்திய விழாவில், 1961இல், வேக் குவார்டெட்டோடு இரண்டாவது செல்லோவாகக் கசால்ஸ் உட்கார்ந்தார். பொதுவாகப் பெரிய விருந்தாளி வந்தால் குவார்டெட் ஒதுங்கி வழிவிடும். இங்கே அப்படியில்லை. மெதுவான இரண்டாம் பகுதியில் நடுக்குரல்கள் மூன்றும் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே வேக் சிறு சிறு சொற்களாகப் பேசுவார், அடியில் ஒரு செல்லோ தந்தியை மீட்டிப் பதில் சொல்லும். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஏற்படும் இடைவெளிகள்தான் இந்தப் பதிவின் உயிர்.

தனி வயலின் பதிவு உண்டா?

பாக்கின் ஆறு தனி வயலின் சொனாட்டா, பார்ட்டிட்டாக்கள், 1970களின் தொடக்கத்தில் வாலுவாவுக்காக. தடித்த, மண்வாசனையுள்ள பாக். மேலே சுருதி பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும், இன்னும் கொஞ்சம் கூடவே. வேக் பிடித்துப்போன பிறகு கேட்க வேண்டியது, அதற்கு முன் வேண்டாம்.

நல்ல வயலின் கலைஞர் ஏன் நடத்துநராக மாறினார்?

மாறினார் என்றுகூடச் சொல்ல முடியாது. 1978 வாக்கில் சால்ஸ்பர்க்கின் கமெராட்டா அகாடெமிகா குழுவின் பொறுப்பை ஏற்றார். மொசார்ட்டேயும் இசைப்பள்ளியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்து பெர்ன்ஹார்ட் பாம்கார்ட்னர் 1952இல் உருவாக்கிய சிறிய குழு அது. வேக் அதே பள்ளியில் 1971 முதல் ஆசிரியர். வயது அறுபதைத் தாண்டியாயிற்று, குவார்டெட் வாழ்க்கை முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது, எதிரே வகுப்பில் இளம் தந்தி வாத்தியக்காரர்கள். குவார்டெட்டில் மூன்று பேரிடம் எதிர்பார்த்ததை இப்போது முப்பது பேரிடம் எதிர்பார்க்கத் தொடங்கினார், அவ்வளவுதான்.

குச்சி வீச்சில் அவர் பெரிய நிபுணர் இல்லை. அவருடைய வேலையெல்லாம் ஒத்திகையில். வில்லின் எந்தப் பாகத்தில், எவ்வளவு எடையில், எந்த ஸ்வரத்தை நோக்கி வாசிப்பது என்று வயலின் கற்பிப்பதைப் போலவே குழுவைக் கற்பித்தார். கமெராட்டாவின் பதிவுகளில் வயலின்கள் ஒரே ஆளாக ஒலிக்காமல் ஒரே எண்ணமுள்ள பல ஆட்களாக ஒலிப்பது அதனால்தான். மூச்சுத்திணறும் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒலியும் இல்லை, ஒட்டிவைத்த மாதிரியான பளபளப்பும் இல்லை. இறக்கும் வரை அந்தக் குழுவோடுதான் இருந்தார். அவருக்குப் பின் ரோஜர் நாரிங்டன் வந்தார்.

காப்ரிச்சோவின் மொசார்ட் தொகுப்பு பத்து சிடி. அவ்வளவும் தேவையா?

வேக்கின் நடத்துநர் வாழ்க்கையில் மணிமகுடம் இதுதான், ஆகவே முடிந்தால் வாங்கிவிடுங்கள். டைவர்டிமென்டோக்களும் செரினேடுகளும் நிறைந்தது. இவற்றில் பல சால்ஸ்பர்க் வீட்டு விசேஷங்களுக்கும் தோட்டத்து மாலைகளுக்கும் எழுதப்பட்டவை. அதனாலேயே பலரும் பின்னணி இசையாக நினைத்துக் கடந்துபோகிறார்கள். வேக் இவற்றை பீத்தோவனுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு எடுத்துக்கொண்டார்.

கே. 136க்குப் பிறகு கே. 287 கேளுங்கள். கோமகள் லோட்ரோன் வீட்டுக்காக எழுதியது. 1777 அக்டோபரில் மியூனிக்கில் மொசார்ட்டே இதன் முதல் வயலினை வாசித்தார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பாவிலேயே பெரிய வயலின்காரன் நான்தான் என்பது போல வாசித்தேன், எல்லாரும் விழித்துப் பார்த்தார்கள் என்ற தொனியில் அப்பாவுக்குக் கடிதம் போட்டார். முதல் வயலின் பாகம் அவ்வளவு கடினம், கிட்டத்தட்ட ஒரு கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியம் முன்னே நிற்க, குழு கூட வாசிக்கும் படைப்பு). வேக் இதை ஒற்றை வயலினுக்குக் கொடுக்காமல் முதல் வயலின் பிரிவு முழுவதற்கும் கொடுக்கிறார். கடைசிப் பகுதியின் தலையில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், நாடகப் பாத்திரம் வசனம் பேசுவது போலச் சோகமான ஒரு பகுதி வரும். பின்னாலேயே ஒரு நாட்டுப்புறப் பாட்டு துள்ளிக் குதித்து வரும். வசனம் பேசுவது ஒருவர் என்றால் பரவாயில்லை, ஒரு பிரிவு முழுவதும் சேர்ந்து தயங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்குவது எப்படி? அதை அவர்கள் செய்கிறார்கள். ஒத்திகை எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க அந்த ஒரு பக்கம் போதும்.

கே. 334இன் புகழ்பெற்ற மினுயெட்டை (பழைய ஐரோப்பிய நடன இசை) கல்யாண வரவேற்புகளில்கூடக் கேட்டிருப்பீர்கள். இங்கே அதை ஆடக்கூடிய வேகத்தில் கேட்கலாம். ஒற்றை வாத்தியங்களுக்கு எழுதியதை குழுவாக வாசிப்பது சரியா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தச் சிறிய வடிவமும் நன்றாக இருக்கும், ஆனால் இந்தப் பதிவு இருக்கும் வரை நான் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

மொசார்ட் காலத்து வாத்தியங்களிலா வாசிக்கிறார்கள்?

இல்லை, இன்றைய வாத்தியங்கள், இன்றைய தந்திகள். வைப்ரேட்டோவும் (விரலை அசைத்து ஸ்வரத்தை இலேசாக நடுங்கவிடுவது) உண்டு, அளவாக.

ஆண்ட்ராஷ் ஷிஃப்புடன் செய்த பியானோ கான்செர்ட்டோக்கள்?

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவானவை. ஷிஃப்பும் புடாபெஸ்ட்காரர், வேக்கைவிட நாற்பது வயது இளையவர். தலைமுறை வித்தியாசம் பதிவில் துளியும் தெரியாது.

பியானோ கான்செர்ட்டோவில் குழு வெறும் துணை வாத்தியம் என்று நினைப்பவர்கள் கே. 488இன் நடுப்பகுதியைக் கேட்க வேண்டும். ஓபோ இல்லை, க்ளாரினெட் உண்டு, எஃப் ஷார்ப் மைனர் சோகம். பியானோ தனியாகத் தொடங்கி முடித்ததும் குழு நுழையும் இடத்தில், சோகத்தைப் பெரிதாக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் பதில் சொல்வது போல நுழைகிறார்கள். முடிவுக்கு அருகே தந்திகள் எல்லாம் மீட்டலுக்கு மாற, பியானோ ஒற்றை ஸ்வரங்களாக மேலும் கீழும் தாவும். அங்கே கமெராட்டாவின் மீட்டல் ஒவ்வொன்றும் ஒரு நீளத்தோடு ஒலிக்கிறது, டப் டப் என்று சாகவில்லை. அப்படி மீட்டக் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு குவார்டெட்காரர்தான் வேண்டும்.

ஷூபர்ட் சிம்ஃபனிகள்?

சிலவற்றை அதே கமெராட்டாவுடன் பதிவு செய்திருக்கிறார், "பெரிய" சி மேஜர் உட்பட. நல்லவை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் முழக்கம் பழகியவர்களுக்கு ஒலி சிறியதாகத் தெரியலாம். நடுக்குரல்கள் கேட்பது ஒரு பெரிய லாபம்.

ஆசிரியராக அவர் விட்டுச்சென்றது என்ன?

பாசல், ஃப்ரைபர்க், டுஸ்ஸல்டார்ஃப், சால்ஸ்பர்க் என்று நான்கு ஊர் இசைப்பள்ளிகளில் கற்பித்தார். இத்தாலியின் செர்வோ என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு சேம்பர் இசை விழாவைத் தொடங்கினார். 1972இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் ப்ரஷ்யா கோவ் பயிலரங்கு தொடங்கியதும் அவரால்தான். அங்கே இளையவர்களும் பெரிய கலைஞர்களும் ஒரே குழுவாக உட்கார்ந்து வாசிப்பார்கள், இன்றும் அது நடக்கிறது. செல்லோ கலைஞர் ஸ்டீவன் இசர்லிஸ் பின்னாளில் அதன் பொறுப்பை ஏற்றார்.

எப்படித் தேடுவது, எதில் கேட்பது?

ஆங்கில எழுத்தில் குடும்பப் பெயர் வி, இ, ஜி, எச். கடைசி எச்சை விட்டுவிட்டால் வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவதால் சில ஹங்கேரிய வெளியீடுகளில் வேக் ஷாண்டோர் என்று இருக்கும். நடத்திய பதிவுகளில் பல செயலிகள் குழுவின் பெயரை மட்டும் போடும், ஆகவே கமெராட்டா பெயரைக் கொண்டும் தேடுங்கள்.

1952, 1954 மோனோ பதிவுகளை முதல் முறை ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள். எல்லாக் குரலும் தலைக்கு நடுவில் வந்து குவிந்து களைப்பாக்கும். சாதாரண ஸ்பீக்கர் போதும், கொஞ்சம் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. ஓபஸ் 131 போடும்போது செயலியில் இடைவெளியில்லாமல் ஓடும் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். ஏழு பகுதிகளும் ஏழு தனி ட்ராக்காக இருக்கும், நடுவில் ஒரு நொடி நின்றால்கூட பீத்தோவன் கேட்ட தொடர்ச்சி அறுந்துவிடும். இலவசக் கணக்கில் விளம்பரம் நுழையும் என்றால் அந்த ஒன்றை மட்டுமாவது சிடியில் கேளுங்கள்.